பூதத்துக்கு ஒரு வேலை

ஏஜென்ட் எழுதித் தந்த சீட்டில் ஊர்ப்பெயர் துக்ம்.
எழுத்துக்கூட்டி வாசித்த சந்தனமாரி
நிமிர்ந்து கேட்டாள்:
"துக்கம்னா போட்டிருக்கு?"
நடுவில் ஒரு எழுத்து குறையுது பார் என்றேன்.

ஓமானுக்கு வந்து மூன்றாம் மாதம்
அந்த எழுத்தும் வந்து சேர்ந்தது.

கப்பல் பழுதுபார்க்கும் உலர்துறையில் டவர் கிரேன்.
அறுபத்திரண்டு மீட்டர். ஏணி மட்டும்தான்.
உச்சியில் ஒரு கண்ணாடிப் பெட்டி,
அதற்குள் நான்,
எனக்குள் அது.

கொக்கியில் நாலு டன் இரும்பு ஆடும்போது
"கம்பி அறுந்தால்?" என்னும்.
நேற்றுதான் சோதித்தார்கள் என்பேன்.
"சோதித்தவன் தூக்கக் கலக்கத்தில் இருந்திருந்தால்?"

விடிகாலை நாலு மணிக்கு ஊரிலிருந்து
ஒரு மிஸ்டு கால்.
"யார் போனது?" என்னும்.
தலையணைக்கடியில் கைபட்டு வந்ததாம் அது.
"சரி, இந்த முறை" என்னும்.

கம்பெனி கிளினிக்கில்
நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள்.
கோடு ஒழுங்காகத்தான் ஏறி இறங்கியது.
கேஸ் என்று சொல்லி மாத்திரை தந்தார்கள்,
வெள்ளை, விழுங்கச் சிரமமான அளவு.

ஜூலைக் காற்று.
காற்றுமானி கத்த, வேலை நின்றது.
இறங்காதே, ஏணியில் காற்று தள்ளும் என்று
கீழிருந்து ரேடியோவில் ஹர்க் பகதூர்.
சுமை கட்டுகிறவன், நேபாளத்துக்காரன், என் வயது.
பொத்தானை விட மறந்திருக்கிறேன்;
என் மூச்சு முழுவதும் அவன் காதில் போயிருக்கிறது.
"ஏதாவது பேசு" என்றான்.
"எது வேணா. மூச்சை மட்டும் விடாதே, வார்த்தையா விடு."

வேறெதுவும் வாயில் வரவில்லை.
உடைந்த இந்தியில் ஆரம்பித்தேன்:
ஒருத்தன் பூதத்தைப் பிடித்தான்.
சொன்ன வேலையெல்லாம் செய்யும்.
வேலை தராவிட்டால் அவனையே தின்னும்.
கிணறு வெட்டு என்றான். வெட்டியது.
காட்டைத் திருத்து என்றான். திருத்தியது.
எச்சில் விழுங்கும் நேரம்கூடத் தராமல்
வந்து நின்றது: அடுத்து? அடுத்து?

அந்த இடத்தில் எனக்கு நாக்கு நின்றது.
தெரிந்த குரல்.
இத்தனை நாள்
பல்லைத்தான் பார்த்திருந்தேன்.
வேலை கேட்கிறது அது.

"ஹலோ, பிறகு?" என்றான் பகதூர்.
பிறகென்ன, தெருநாயைக் காட்டி
வாலை நிமிர்த்து என்றுவிட்டான்.
நிமிர்த்தும், சுருளும்.
நிமிர்த்தும், சுருளும்.

கரகரப்பு.
"இன்னும் நிமிர்த்திக்கிட்டா இருக்கு?"
ஆமாம்.
"சாப்பிட்டுச்சா?"
கதையில் அது வரவில்லை என்றேன்.
"உட்காருன்னு யாராவது சொன்னாங்களா?"
அதுவும் வரவில்லை.
"மோசமான கம்பெனி" என்றான்.

அறுபத்திரண்டு மீட்டரில் தனியாக
கண்ணாடி மேல் துப்பல் தெறிக்கச் சிரித்தேன்.

இப்போது ஏறும்போதே வேலை கொடுத்துவிடுகிறேன்:
படிகளை எண்ணு.
கம்பி அறுந்தால் என்றால்,
போய்ப் பார்த்துவிட்டு வா.
போகிறது. வருகிறது. அறுக்கவில்லை என்கிறது.
உட்கார் என்கிறேன்.
சில நாள் உட்காரும்.
வியாழக்கிழமை உட்காரவில்லை;
இருநூற்றுப் பன்னிரண்டு படியையும்
மூன்று முறை எண்ணவைத்தேன்,
பிறகு மாத்திரையும் போட்டேன்.

மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரு செம்பட்டை நாய்,
வால் ஜிலேபி.
பகதூர் அதற்கு அரை குபூஸ் போட்டான்.
பக்கத்தில், தள்ளி, இன்னொரு துண்டு வைத்தான்.
யாருக்கு என்றேன்.
"வால்கிட்ட உட்கார்ந்திருக்கானே, அவனுக்கு."

நாய் அதையும் தின்றது.
இருவரும் குனிந்து வாலைப் பார்த்தோம்.