ஐநூற்றியொன்று

கடிதம் வந்த அன்று கேக் வெட்டினோம்.
முகாமையாளர் கை குலுக்கினார்.
அடகுப் பிரிவில் மூன்று வருடம்,
ஒரு குண்டுமணி பிசகவில்லை என்றார்.
சம்பளத்தில் இரண்டாயிரம் கூட்டியிருக்கிறார்கள்.
ஹட்டன் டவுனில் அன்றைக்கு மழை
கண்ணாடிக்கு வெளியே நின்று
எங்கள் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இருபத்தைந்தாம் திகதி சிட்டை வந்தது.
மேலே இரண்டாயிரம் ஏறியிருந்தது.
சேமலாப நிதிக்கு நூற்றி அறுபது, சரி.
கீழே, பிள்ளைப் பராமரிப்புச் சலுகைக்கு நேரே
ஆறாயிரம் இருக்கவேண்டிய இடத்தில்
கிடத்திவைத்த தீக்குச்சி மாதிரி
ஒரு கோடு.

தலைமைக் கந்தோருக்கு கோல் எடுத்தேன்.
ரொஷானி மிஸ் அன்பாகத்தான் சொன்னார்:
எழுபதாயிரத்துக்குக் குறைந்தவர்களுக்குத்தான் அது,
உங்களுக்கு இப்போது எழுபதாயிரத்து ஐநூறு.
வாழ்த்துகள் என்று ஆரம்பித்தவர்
அந்த இடத்தில் கொஞ்சம் இருமினார்.

நான் கணக்குத் தெரிந்தவள்.
காப்போ தோடோ தாலிக்கொடியோ
கல்லைக் கழித்து, அரக்கைக் கழித்து,
அழுக்கைக்கூடக் கழித்து
பொன் எவ்வளவு என்று சொல்பவள்.
என் இரண்டாயிரத்தைத் தராசில் வைத்தேன்.
கழிக்கவேண்டியதைக் கழித்தேன்.
மைனஸ் நாலாயிரத்து நூற்றி அறுபது.
மூன்று முறை போட்டேன்.
பக்கத்து கவுண்டர் நிரோஷன் எட்டிப் பார்த்து
யாருடைய நகை அக்கா, இவ்வளவு செம்பா என்றான்.

லக்ஷிதாவின் அப்பா புறக்கோட்டையில்
லொறி இறங்குது, பிறகு எடுக்கிறேன் என்றார்.

ஆறு மணிக்கு டேகெயார் வாசலில்
யோகமலர் காத்திருந்தாள்.
"அக்கா, சம்பளம் கூடிருச்சாமே,
எனக்கும் ஒரு ஐநூறு போட்டுக் குடுத்தா நல்லாருக்கும்."
அவளுக்கும் ஒரு பிள்ளை.
பகலெல்லாம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில்
வேறொருத்தி பார்க்கிறாள்.
அந்த வேறொருத்தியின் பிள்ளையை
யார் பார்ப்பதென்று நான் கேட்டதில்லை.

சிட்டையை விரித்துக் காட்டினேன்.
விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.
"எங்க தோட்டத்துல கொழுந்து கொறஞ்சாத்தான் அரைப்பேரு.
ஒங்க கம்பெனில கூடினா அரைப்பேரா?"
சிரித்தாள். சிரிப்பு அடங்காமல்
படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் முடியவில்லை.
ஒற்றைச் சப்பாத்தோடு நின்ற லக்ஷிதா
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ராத்திரி, பிள்ளை தூங்கிய பிறகு எழுதினேன்:
எனக்குக் கூட்டித் தந்த தொகையில்
ஐநூற்றியொரு ரூபாயைத்
தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொள்ளவும்.
இப்படிக்கு, கோகிலவாணி.
எழுதி முடித்துத்தான் கவனித்தேன்.
ஐநூற்றியொன்று.
கலியாண மண்டப வாசலில் மேசை போட்டு
ஊரும் பேரும் கேட்டு எழுதிக்கொள்கிற தொகை.
என் கம்பெனிக்கு என்ன விசேஷம்,
காதுகுத்தா, சடங்கா?
எதுவானாலும் என் மொய் இருக்கட்டும்.

ஐந்து நாளில் பதில் வந்தது.
கூட்டியதைக் குறைக்க சிஸ்டத்தில் இடமில்லையாம்.
கவலைப்படவேண்டாம், வருடம் ஒன்றாக
இன்னும் மூன்று இன்கிரிமென்ட் கிடைத்தால்
இழந்தது திரும்பிவிடுமாம்.
லக்ஷிதா அப்போது தரம் ஒன்றில் இருப்பாள்.
வெள்ளைச் சட்டை, கழுத்தில் தண்ணீர்ப் போத்தல்.
டேகெயாருக்கு என்று
யாரும் ஒரு சதம் தரத் தேவையிராது.

வெள்ளிக்கிழமை மத்தியானம்
கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன்.
நிரோஷன் என் காப்பை நிறுத்தான்.
எடையை என் முகம் பார்த்துச் சொல்லவில்லை.
செம்பைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

முதலாம் திகதி யோகமலரிடம் கவரைக் கொடுத்தேன்.
வழமையான காசு, அதற்கு மேல் ஐநூறு,
அலுமாரித் தட்டில் தேடிப் பிடித்த
ஒரு ரூபாய்க் குத்தி ஒன்று.
குத்தியை உள்ளங்கையில் வைத்துத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது எதுக்குக்கா?"

டிக்கோயா பஸ் வந்துவிட்டது.
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.