இறங்கி வருதல்

ஹீட்டர் மூன்று நாளாகப் பழுது.
அட்டகாமாவின் இரவு ஜன்னல் இடுக்கால் உள்ளே வருகிறது.
கம்பளிக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டு
வாளியைக் கலக்குகிறேன்:
தாமிரத்தை வைத்துக்கொண்டு
சுரங்கம் வெளியே துப்பிய சேறு.
சாம்பல் நிறம். தயிர்ப் பதம்.

எஃகு உருளைக்குள் ஒரு குவளை அளவு.
அடியில் வடிதாள். மேலே பிஸ்டன்.
ஐந்து கிலோபாஸ்கலில் தொடங்குகிறேன்.
குழாய் முனையில் ஒரு சொட்டு
கனக்கிறது, யோசிக்கிறது,
விழுகிறது.
அப்புறம் மளமளவென்று.

கொஞ்ச நேரம்தான்.
உள்ளே துகளும் துகளும் தோள் உரசத் தொடங்கியதும்
அது திரவம் இல்லை,
கூட்டம்.
பிஸ்டன் நிற்கிறது.
இவ்வளவு தாங்கும் என்று எழுதுகிறேன்.
இன்னும் கொஞ்சம் ஏற்றினால்
இறங்கி வருகிறது. அதையும் எழுதுகிறேன்.
பத்து, இருபது, ஐம்பது.
ஒவ்வொரு படிக்கும் ஒரு மணி நேரம், ஒரு தேநீர்,
நகர்கிறதா இல்லையா என்று
கண்ணைச் சந்தேகப்பட வைக்கும் ஒரு முள்.

போன மாதம் வேலைக்கு வந்த கொன்ராதோ
எடுத்த எடுப்பில் முந்நூறில் போட்டான்.
தாளை ஒட்டிய சேறு முதலில் இறுகித்
தன் வாசலைத் தானே அடைத்துக்கொண்டது.
மேல்பாதி சொதசொதவென்று அப்படியே.
கல்லில் நார் உரிக்கிற வேலை என்று
கையுறையை வீசிவிட்டுப் புகைக்கப் போனான்.
உரியும், கொன்ராதோ.
அவசரத்தில் உரியாது.

நாலரைக்கு எவாரிஸ்தோவின் போன்.
எழுபத்திரண்டு சதவீதம் வருமா, யாஸ்னா?
கடலிலிருந்து மலையேற்றிக் கொண்டுவரும் தண்ணீர்,
லிட்டர் லிட்டராகக் கணக்குக் கேட்கிறார்கள்.
எட்டு மணிக்குக் கூட்டம்.
எழுபத்திரண்டு என்று ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறார்,
குரலில் தெரிகிறது.
சேற்றணைக்குக் கீழே பள்ளத்தாக்கின் வளைவில்
பதினோரு வீடுகள்.
ஒன்றில் என் அக்கா கோழி வளர்க்கிறாள்.
அவரிடம் அதைச் சொல்லவில்லை.
இன்னும் ஒரு படி பாக்கி என்றேன்.

நூறு.
முள் நின்றது. காத்தேன்.
நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகும் காத்தேன்.
உருளையைத் திறந்தால்
பிஸ்கட் பருமனில் ஒரு வில்லை.
கட்டைவிரலால் அழுத்தினால்
விரலைச் சுற்றி வெளிறுகிறது.
எடுத்ததும்
மினுமினுப்பு மெல்லத் திரும்புகிறது,
அத்தனை பாரத்துக்கும் அசையாமல்
உள்ளேயே உட்கார்ந்திருந்த ஈரம்.

ஒரு முறை நிறுத்து, உலர்த்தி,
மறுபடி நிறுத்து,
நம்பாமல் இன்னொரு முறையும் நிறுத்து:
அறுபத்தாறு புள்ளி மூன்று.

பேனாவால் எழுதுகிறேன்.
பென்சில் பக்கத்திலேயே இருக்கிறது.