எச்சம்

கல்லடிப் பாலத்தின் மூன்றாவது தூணில்
நான் கட்டிய அளவுகோல்.
நீர்க்காகம் ஒன்று மேலே குந்தியிருந்து
நாற்பத்திரண்டாம் சென்றிமீற்றரை
வெள்ளையாக்கிவிட்டுப் பறக்கும்.
துடைத்து வாசிப்பேன்.

புள்ளிவிபரவியலிலும் அதற்கு அதே பெயர்தான்.
அளந்ததிலிருந்து
மாதிரி சொன்னதைக் கழி.
மிஞ்சுவது எச்சம்.

பதினொரு மாரிக்குக் கணக்கிருந்தது என்னிடம்.
மழை கொடுத்தேன், முந்தனையாற்று வரத்து கொடுத்தேன்,
கடல்மட்டம், காற்று, ஆவியாதல்,
தூக்கம் எல்லாம் கொடுத்தேன்.
ஐப்பசி முழுக்க வாவியோடு ஒட்டியே நடந்த கோடு
கார்த்திகையில் ஏதோ ஓரிரவில்
தனித்துப்போகும்.
வாவி சடாரென இறங்கிவிட,
அது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்
போன பஸ்ஸுக்குக் கைகாட்டுகிறவளைப் போல.

"அந்த ரெண்டு மூண்டு புள்ளியையும்
வெளியால போட்டுட்டு எழுதி முடியேன்" என்றாள்
அடுத்த மேசை பஸ்மினா.
ஏறாவூர்க்காரி. வரட்சிச் சுட்டெண்ணோடு
அவளுக்கு வேறு சண்டை.

வெளியால போட ஏலாது.
அந்த இரவுகளின் விடியலில்தான்
மண்டூரில் எங்கள் வரம்புகள்
தண்ணீருக்கு மேலே முதுகு காட்டும்.

பாலமீன்மடுவில், சவுக்குக்குக் கீழே,
பெக்கோவுக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தான் டிலக்‌ஷன்.
என்னைவிட மூன்று வயது இளையவன்.
"முகத்துவாரம் தன்பாட்டில உடையிறதெண்டா
நினைச்சீங்க, அக்கா?
கச்சேரியில கூட்டம் வைப்பாங்க.
படுவான்கரை ஆக்கள் இண்டைக்கே வெட்டெண்டுவாங்க.
வலைக்காரர், ஐயோ இறால் ஓடிப்போகும் எண்டுவாங்க.
தேத்தண்ணி குடிப்பாங்க.
மறுகா ஒரு கையெழுத்து.
மறுகா எனக்குக் கோல் வரும்."

ஆசனத்துக்கடியில் ஒரு கொப்பி. டீசல் கணக்கு.
*நவம்பர் 26, இரவு 2.40, 35 லீற்றர்.*
*டிசம்பர் 9, விடிய 4.10, 28 லீற்றர். பக்கெட் பல்லு உடைஞ்சது.*
நான்கு வருசம் அவன் கையெழுத்து,
அதற்கு முன்னால் அவனுடைய மச்சானுடையது,
சாய்ந்து சாய்ந்து.
பக்கம் பக்கமாகப் படம் எடுத்தேன்
கிறீஸ் விரலடையாளங்களோடு.

அன்றிரவு தரவில் ஒரு நிரல் சேர்த்தேன்.
பெயர்: வெட்டு.
பதினான்கு ஒன்றுகள்.
மிச்சம் நாலாயிரத்துச் சொச்சமும் பூச்சியம்.
பொருத்தம் 0.61இலிருந்து 0.88க்குப் பாய்ந்தது.
வந்தாறுமூலை விடுதியில்
கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

பரீட்சகர் திரையில் இருந்தார். நல்ல மனுசன்.
"2050க்கு மழை தருவார்கள்,
கடல்மட்டம் தருவார்கள்.
இந்த நிரலை யார் தருவார்?"
"கூட்டம்" என்றேன்.
அறையில் யாரோ சிரித்தார்கள்.
நான் பகிடி விடவில்லை.

பிறகு படங்களைக் காட்டினேன்.
0.6 மீற்றரில் வெட்டினால் இப்படி.
0.8 வரை பொறுத்தால் இப்படி.
கடைசிப் படத்தில் மட்டும்
குரல் கொஞ்சம் இறங்கிற்று:
வெட்டினாலும் வடியாத நாட்கள்.
கடல் வாவியைவிட உயர்ந்து நிற்கும் நாட்கள்.
அன்றைக்கு வாயைத் திறந்தால்
தண்ணீர் உள்ளே வரும்,
உப்போடு, வயலுக்கு.
வருசத்துக்கு ஆறேழு நாள்தான் என்றேன்,
அது சின்ன எண் என்பதுபோல.

திருத்தங்களோடு சித்தி.
குருமண்வெளியில் கடைசிப் பாதை ஏறும்போதே
மழை பிடித்துக்கொண்டது.
ஒரு மோட்டார்சைக்கிள், இரண்டு உரமூட்டை, நான்.
நடு ஆற்றில் போன் அதிர்ந்தது.

*அக்கா டீசல் அடிக்கச் சொல்லிட்டாங்க.
தண்ணி எவ்வளவு?*

காலையில் வாசித்தது நினைவிருந்தது.
0.71 என்று அனுப்பினேன்.

*கடல்?*

நான்கு வருசத்தில் அவன் இதைக் கேட்டதில்லை.
சட்டை நுனியால் திரையைத் துடைத்தேன்.
மறுபடி நனைந்தது.