தீர்வை ஏற்படாத தரிசு

பாச்சலூருக்கு மேலே வண்டி ஏற மறுத்த இடத்தில்
சகாயராஜ் இறங்கி டயருக்குக் கல் வைத்தார்.
மீதிச் சரிவை நடந்தேன்,
கையில் பதினான்கு பக்கப் படிவம்.

மக்காச்சோளம் கழுத்தளவு நின்றது.
அதன் மேல் மயிலாத்தாளின் தலைத்துண்டு மட்டும்
மிதந்து வந்தது.
"எரிசாராயக் கம்பெனியா?"
இல்லை, இந்த எரிபொருள் பசுமைதானா என்று
பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்றேன்.
வயலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.
"பச்சையாத்தானே இருக்கு."

அந்தக் கல்லில் உட்காரச் சொன்னார்.

யூரியா எத்தனை மூட்டை? நாலு.
போட்ட அன்று ராத்திரியே மழை.
பாதி ஓடைக்குப் போனதை
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.
உழவு? டிராக்டர் இங்கே நிற்காது, மம்பட்டிதான்.
மம்பட்டிக்குப் புகை பூஜ்யம்.
அவருடைய தோளுக்கும் பூஜ்யம்.
ஆலை? ஒட்டன்சத்திரம் தாண்டி.
கொண்டை ஊசி வளைவுகளை லாரிக்காரரிடம் கேட்கவேண்டும்.
காட்டுமாடு தின்றது?
"அது மூட்டைக் கணக்குல வராது அம்மணி,
முழிச்ச கணக்கு."

குவிண்டால் விலையைச் சொன்னார்.
மகள் திண்டுக்கல்லில் நர்சிங் இரண்டாம் வருஷம் என்றார்.
இரண்டையும் ஒரே மூச்சில்,
நான் கேட்டது ஒரே கேள்வி என்பதுபோல்.

பிறகு ஏழாவது கட்டம்:
நிலத்தின் முந்தைய நிலை.
பதிவேட்டு நகல் என் பையிலேயே இருக்கிறது.
தீர்வை ஏற்படாத தரிசு.
வரி கொடுக்காத எதுவும் அந்தப் பேனாவுக்குத் தரிசு.
இருந்தாலும் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றார்.
கொஞ்சம் பொறுத்து
அந்த ஒன்றுமில்லாததை எண்ணத் தொடங்கினார்:
ஆள் உயரப் போதைப்புல்.
ஈச்சம்புதர். நெல்லி ரெண்டு.
காடை முட்டை, கால் வைக்கப் பயந்து நடக்கவேண்டும்.
சித்திரையிலும் விரலை நனைக்கும் ஓர் ஊற்றுக்கண்,
எங்கே என்று காட்ட எழுந்தவர்
இரண்டு வரப்புக்கு நடுவில் நின்றுவிட்டார்.

தரிசு என்று டிக் செய்தால் சோளம் தேறிவிடும்.
புல்வெளி என்றால்,
வேர்கள் பிடித்துவைத்திருந்து
கொத்திய வருஷமே காற்றுக்கு விட்ட கடனை
இந்தச் சரிவு அடைத்து முடிக்க எத்தனை அறுவடை?
மென்பொருளில் தட்டினால் ஓர் எண் வரும்.
தட்டியிருக்கிறேன், வேறு மலைகளுக்கு.
மயிலாத்தாளின் பேரனுக்கும் நரைத்துவிடும்.

நான் எழுந்ததும் அவர் கல்லைத் தட்டினார்.
"காட்டை வெட்டுன வருஷம் இது தரையோட தரை.
மம்பட்டி ணங்குன்னப்பதான் கல்லுன்னே தெரிஞ்சுது.
இப்ப பாருங்க, வர்றவங்களுக்கு மணை."

குனிந்து அளந்தேன்.
ஒரு சாண், அதற்கு மேல் இரண்டு விரல்.
ஆறு மழை.
இவ்வளவு நேரமும் என் கேள்விக்கான பதிலின் மேல்
உட்கார்ந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு.
அதற்கும் பதினான்கு பக்கத்தில் கட்டமில்லை.

அடிவாரத்து பங்க்கில் பெட்ரோல் போட்டோம்,
எத்தனால் கலந்தது என்று பலகையில் ஒரு இலை வரைந்திருந்தது.
படிவத்தின் கடைசி வரி:
மதிப்பீட்டாளரின் பயணம், கணக்கின் எல்லைக்கு வெளியே.

"என்ன மேடம், பாஸா பெயிலா?"

ஒரு சாண் என்றேன்.
சகாயராஜ் கியரை மாற்றினார்.