அமத்து, பிடி, விடு

பதினொரு நாளாய் எங்களுக்குள் பேச்சில்லை.
இன்றைக்கு மூன்று சொல்:
அமத்து.
பிடி.
விடு.

லொறிக்குக் கீழே றெஜினோல்ட். வெளியே தெரிவது
இரண்டு கால், ஒன்றில் மட்டும் செருப்பு.
சாரதி ஆசனத்தில் நான், பெடலில் என் கால்.
புளூமென்டால் வீதியில்
துறைமுகத்துக்குத் திரும்பும் கொள்கலன்களின் இரைச்சலில்
அவர் சொல்வது பாதிதான் கேட்கிறது.
மீதியை முழங்கால் ஊகிக்கிறது.

அறுபத்தேழாம் ஆண்டு பெட்போர்ட்.
ஓட்டுத் தொழிற்சாலை மூடியபோது ஏலத்தில் எடுத்தது.
நாலாம் குறுக்குத் தெருவில் ஐந்து தொன் வெங்காயம் ஏற்றினாலும்
முனகாமல் போகும்.
போகும், சரி.
நிற்பதுதான்.

அன்றைக்குக் கொட்டாஞ்சேனை இறக்கத்தில்
பெடல் போய்த் தகரத்தைத் தொட்டது.
இருட்டில் இன்னொரு படி இருக்கென்று கால் வைத்த மாதிரி, என்றார்.
கியரை இரண்டுக்கு உடைத்து
ஹான்ட் பிரேக்கைத் தோள் கழர இழுத்து
சோமதாசவின் தம்பிலி வண்டியில் போய் நின்றது.
ஆளுக்கு ஒன்றுமில்லை.
முப்பத்தொரு தம்பிலி சந்தி வரைக்கும் உருண்டது.

வித்துப்போடுங்கோ, என்றேன்.
அவர் ஜக்கைத் தேடினார்.
அதோடு சரி.

முதல் நாள் ஒயில் நிரப்பினார். விடிய அது குறைந்திருந்தது.
நிலத்திலோ ஒரு சொட்டு இல்லை.
பின் இடது ட்ரம்மைக் கழற்றினால்
சிலிண்டர் கசிய, கசிந்ததையெல்லாம்
லைனிங் குடித்து ஊறிக் கிடந்தது.
முன் வலதில் வேறு கதை.
றப்பர் ஹோஸ் வெளியே நல்ல பிள்ளை,
உள்ளே வீங்கி அடைத்து
போன அழுத்தத்தைத் திரும்ப விடுவதில்லை.
தோசைக்கல் மாதிரி அந்தச் சக்கரம்.

ஜன்னலில் அரிசி களைந்தபடி மகனிடம் சொன்னேன்:
ஒண்டில ஒழுகினா நாலும் எப்பிடிப் போகுமெண்டு
அப்பாட்டைக் கேள்.
போய் வந்தான். எல்லாத்துக்கும் ஒரே குழாயாம்.
அப்ப ரெண்டாக்கச் சொல்லு.

கீழே ஸ்பானர் சத்தம் நின்றது.

சீட்டுக் காசை மேசையில்
சீனிப் போத்தலுக்கடியில் வைத்தேன்.
பின்னேரம் காசு இல்லை, போத்தல் இருந்தது.
பஞ்சிகாவத்தையில் மஹ்ரூப் ஹாஜியார்
பழைய எல்ஃப் ஒன்றின் பூஸ்டரில் வாயை வைத்து
உறிஞ்சிக் காட்டினாராம், காத்துப் போகேல்ல பாருங்க என்று.
கூடவே இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர்:
முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று,
ஒன்று செத்தாலும் மற்றது பிடிக்கும்.
தட்டு வெட்டி, துளை போட்டு, பொருத்தினால்
தள்ளுகம்பி இரண்டு நூல் நீளம்.
நீளமென்றால், பிடித்த பிரேக் விடாது.
அரத்தோடு ஒரு முழுப் பின்னேரம்.

இப்போது காற்றெடுப்பு.
தூரத்துச் சக்கரத்தில்தான் தொடங்கவேண்டுமாம்.
ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் ஒரு மெல்லிய குழாய்,
அதில் குமிழ் குமிழாய்
யாரும் பார்க்காத நேரம் உள்ளே புகுந்த காற்று.
அமத்து. பிடி. விடு.
அமத்து. பிடி.

விட்டேன்.
கீழே மௌனம். பிறகு ஒரு பெருமூச்சு.
அவர் சொன்னது விடு இல்லையாம்.
இரு.

திரும்பவும் முதலிலிருந்து.

பொழுதுபட, பெடல் பாதியிலேயே கல்லாய் நின்றது.
நான் காலை எடுக்கவில்லை.
அவர் எழும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு
என் காலைப் பார்த்தார், என்னையில்லை.

ஞாயிறு காலை, அதே இறக்கம்.
எங்களை எட்டத்திலேயே கண்ட சோமதாச
வண்டியை நடைபாதைக்கு மேலே தள்ளி ஏற்றிவிட்டு
தானும் மதிலோடு ஒட்டிக்கொண்டார்.
லொறி அவருக்குப் பத்தடி முன்னால்
கூப்பிட்ட பிள்ளை மாதிரி நின்றது.

இடப்பக்கம் கொஞ்சம் இழுக்குது, என்றேன்.
தெரியும், என்றார்.

இறங்கி, முப்பத்தொன்றுக்கும் காசை எண்ணிக் கொடுத்தார்.
இரண்டு வெட்டச் சொன்னேன்.