வெங்காய லாரி

குதைபியாவில் எங்கள் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில்
இன்றிரவு பத்தொன்பது பேர்.
செருப்புகள் லிஃப்ட் வாசல்வரை போய்விட்டன.
குளியலறைக்கு டோக்கன் போடலாமா என்கிறார்
மஸ்கட்டிலிருந்து வந்த லடிஸ்லாஸ் அண்ணன்.
போட்டாலும் முதல் நம்பர் அவருக்குத்தான்.

பால்கனியில் போன வருஷத்து நட்சத்திரம்,
ஒரு முனை கிழிந்து செல்லோடேப் ஒட்டியது.
எதிர் மாடியில் சட்டை உலர்த்த வந்த பட்டாணி
கிளிப்பை வாயில் கவ்வியபடி
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையசைத்துப் போனார்.

குடிலுக்கு மலை, கசக்கிய காக்கித் தாள்.
மணலுக்கு இந்த ஊரில் பஞ்சமா?
பிள்ளைகள் ஐஸ்கிரீம் டப்பா நிறைய அள்ளி வந்தார்கள்.
மாதாவின் மூக்கு முந்தின ஃபிளாட்டிலேயே போய்விட்டது.
வைக்கோல்தான் கிடைக்காது.
சூசையப்பர் நிற்பது
ஆப்பிள் பெட்டியில் வந்த தாள் கீற்றின்மேல்.

தொட்டில் காலி.
பாலன் ஏலக்காய் டப்பாவில், பஞ்சுக்குள் இருக்கிறார்.
வந்தவர்களில் ரொம்பத் தூரத்திலிருந்து வந்தவர் கைதான்
அவரை எடுத்து வைக்க வேண்டும்.
யார் போட்ட சட்டமோ,
நான் கட்டிக்கொண்டு வரும்போதே இருந்தது.

"அப்போ நான்தான்" என்று
கை கழுவித் துடைத்து உட்கார்ந்திருக்கிறாள்
நாத்தனார் ஜெசிந்தா.
"நேரக் கணக்குல பாருங்க" என்கிறார் என் வீட்டுக்காரர்.
அவர் தம்பி கஸ்பார், அல்கோபரிலிருந்து,
நாற்பது சொச்சம் கிலோமீட்டர்,
மத்தியானம் இரண்டு மணிக்கு வண்டி எடுத்தவன்.

ஐந்து மணிக்கு: பாலத்துல ஏறிட்டேன்.
ஏழரைக்கு: நடுத்தீவு. முன்னால ஒரு லாரி, பூரா வெங்காயம்.
ஒன்பதுக்கு: கம்பெனி வண்டியில்லையா,
கடிதத்துல தேதி தப்பாம். முதீர் போன் எடுக்கல.
அப்புறம் ஒற்றை டிக்.

அவன் பெண்டாட்டி பிரகாசி
இரண்டு நாள் முந்தியே பிள்ளைகளோடு வந்துவிட்டவள்,
அச்சை மாவில் முக்கி எண்ணெயில் உதறுகிறாள்,
முக்கி உதறுகிறாள்.
போனைப் பார்க்கவே இல்லை.
மூன்றாவது டின்னும் முறுக்கால் நிறைந்தது.

பூசைக்குப் போனோம்.
கோவில் வளாகம் கொள்ளாமல் கூட்டம்,
கொங்கணியும் தகாலோக்கும் மலையாளமும்
ஒரே குளிரில் ஒட்டிக்கொண்டு நின்றன.
வானவர் கீதத்துக்கு மணி அடித்தபோது
பிரகாசி என் முந்தானை நுனியைப் பிடித்திருந்தாள்.
தெரிந்து பிடித்தாளா, தெரியவில்லை.

திரும்பி வந்து கேக்கை வெட்டினோம்.
பிள்ளைகள் விழுந்த இடத்தில் தூங்கின.
ஜெசிந்தா குடில் பக்கம் போனாள்,
டப்பாவைத் திறந்தாள்,
பார்த்தாள்,
மூடினாள்.
"குளிருது. உள்ளேயே இருக்கட்டும் பிள்ளை."

பாங்கு சொல்லும் நேரத்துக்குக் கதவு தட்டியது.
ஆளை விட்டார்களாம், வண்டியை விடவில்லையாம்.
அதே வெங்காய லாரியில் ஏறி வந்தானாம்,
சூடானி டிரைவர் வழியெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்தாராம்,
போகும்போது ஒரு பையும்.
சொல்லிக்கொண்டே நிலைப்படியில் நின்றான்,
பையில் மூன்று கிலோ வெங்காயத்தோடு.

பிரகாசி ஒன்றும் கேட்கவில்லை.
பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்
மத்தியானப் பிரியாணிக்கு உரிக்க உட்கார்ந்தாள்.

டப்பாவை ஜெசிந்தாதான் நீட்டினாள்.
கஸ்பார் பாலனை எடுத்து வைக்கையில்
சட்டைக் கையிலிருந்து வெங்காயச் சருகு இரண்டு
தொட்டிலில் உதிர்ந்தது, செம்பு நிறத்தில்.
எடுக்கப் போன ஜெசிந்தா
விரலை மடக்கிக்கொண்டாள்.

எனக்கு ஏழு மணிக்கு டியூட்டி.
இருபத்தைந்து, ஆஸ்பத்திரியில் வெறும் செவ்வாய்க்கிழமை.
இருபது ஜோடிச் செருப்பைத் தாண்டி
என் ஷூவைத் தேடிக்கொண்டிருக்கையில்
உள்ளிருந்து நாத்தனார் குரல்:

"அடுத்த வருஷம் நானும் லாரியிலதான் வருவேன்."