போயா நாளில் டகீலா

பண்டாரவளை ஸ்டேஷனுக்குக் கீழே
அந்த மெக்சிக்கோக் கடை வாசலில்
ஐந்து வருடம் வெள்ளைக்காரரை இறக்கிவிட்டு
அப்படியே ஆட்டோவைத் திருப்பியவன் சுதர்மன்.
இன்று லீசிங் முடிந்தது.
உள்ளே வந்துவிட்டோம்.

டாக்கோ வந்தது.
ரொட்டியை மடித்துக் காயப்போட்ட மாதிரி;
கடித்தால் மடியெல்லாம் போஞ்சிக் கொட்டை.

"ரெண்டு டகீலா."
வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த சொல்.
பார்க்காரப் பொடியன் கலண்டரைக் காட்டினான்.
போயா.
போத்தல்களுக்கு மேல் துணி,
நித்திரைப் பிள்ளைகளைப் போர்த்தியது போல.

இவன் முகம் போன போக்கைப் பார்த்தானோ என்னவோ,
சின்னக் கிளாஸ் இரண்டில் சாயத்தண்ணி ஊற்றி
விளிம்பில் உப்புத் தடவி
தேசிக்காய்க் கீற்றோடு வைத்தான்.
நக்கினோம்.
ஒரே மடக்கு.
கடித்தோம்.
'ஹா' என்று கண்ணைச் சுருக்கினான் சுதர்மன்.
பக்கத்து மேசை வெள்ளைக்காரி
எனக்கும் அதுவே என்று கை காட்டினாள்.

பில்லில்
சாயத்தண்ணி இரண்டு, அறுநூற்றெழுபது.
மலையில் எனக்கு அது அரைப்பேர்.
ஒன்றும் சொல்லவில்லை,
உப்பு இன்னும் உதட்டில் இருந்தது.

வெளியே முழு நிலா, பாதி பனி.
ஆட்டோவில் ஏறப் போனவனிடம்
கை நீட்டினேன்:
"சாவியக் குடு.
நீ குடிச்சிருக்க."